பாப்பா அத்தையும் பிரபு வீட்டு லேடியும்

ஹாலிங்மியர் பிரபுவின் குடும்பத்தில் யார் எங்கே என்ன பதவியில் இருக்கிறார்கள் என்று கேட்டால் பிரான்சிஸ் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இப்போதைய பிரபு தன் ஜில்லாவில் ராஜாவின் பிரதிநிதி. அவர் சம்சாரம் இரண்டு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாடகர் குழுவுக்கும் புரவலர். சித்தப்பா ஒருத்தர் பிஷப். பிஷப்பின் மைத்துனர் பழைய கர்னல். கர்னலின் பெண் குதிரைக் கழகத்தில் என்னவோ. பைபிளில் வம்ச வரலாறு வாசிப்பது போல ராகம் போட்டு ஒப்பிப்பார். கூடப் பிறந்த தங்கை செலின் எந்த மாதம் பிறந்தாள் என்று கேட்டால் மட்டும் கூரையைப் பார்ப்பார்.

அறுபத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். யாங்கோனில் அலோன் பகுதியில் மூன்றாவது மாடியில், புருஷனை இழந்த தங்கையோடும் அவள் மகள் ஆன்மேரியோடும் இருக்கிறார். இருக்கட்டும், யார் வேண்டாமென்றது? கூடவே ஒரு பிரபு குடும்பத்தையும் கூட்டிவந்து குடிவைத்திருக்கிறாரே, அதைத்தான் செலினால் தாங்க முடியவில்லை.

தொடரை இன்றைக்குத்தான் கையில் எடுத்தவர்களுக்கு நாலு வரி. செலினின் தாத்தா அந்தக் காலத்தில் ஹாலிங்மியர் கப்பல் கம்பெனியில் தலைமை கிளார்க். 1937-இல் பிரபு வீட்டுக் குழந்தை அடிலெய்ட், மூன்று வயது, காய்ச்சலில் இறந்து, அப்போது ரங்கூன் என்று பேர் இருந்த இதே ஊரில் ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டது. யுத்தம் வந்தது. துரை குடும்பம் கப்பல் ஏறும்போது, "எங்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்" என்று தாத்தாவின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனது. அன்றிலிருந்து ஒவ்வொரு பிப்ரவரி ஒன்பதாம் தேதியும், குழந்தையின் பிறந்தநாளன்று, கல்லறையில் பூ. மறுநாள் இங்கிலாந்துக்கு ஒரு கடிதம். தாத்தாவுக்குப் பிறகு அப்பா மைக்கேல் எழுதினார். அப்பாவுக்குப் பிறகு பிரான்சிஸ் எழுதுகிறார். முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: "ஆறாம் வரிசை, நூற்றுப் பதினான்காம் எண்ணில் இன்று காலை பூ வைத்தோம்."

இப்போது பிரபுவின் அக்காள் லேடி ஹெனரியெட்டா யாங்கோனுக்கு வந்திருக்கிறார். முப்பத்தொரு சங்கங்களுக்கு அவர் புரவலர். அதில் ஒன்று, கிழக்கு நாடுகளில் பழைய ஆங்கிலேயர் கல்லறைகளைப் பேணுகிற சங்கம். இன்னொன்று, இங்கிலாந்தில் ஒரு நர்சிங் கல்லூரி. ஆன்மேரி விண்ணப்பம் போட்டிருப்பது அந்தக் கல்லூரிக்குத்தான். குடும்பத்தை அறிந்த மதிப்புள்ள ஒருவரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். இன்று புதன், காலை ஒன்பதரைக்கு லேடி வீட்டுக்கு வருகிறார்; கடிதத்தை அவரிடம்தான் கேட்டிருக்கிறார்கள்.

காலை ஏழு மணிக்கே வீட்டில் சுத்தியல் சத்தம்.

"அண்ணே! அந்தச் சுவத்துல ஏன் ஆணி அடிக்கிறே?"

"பிரபு போட்டோ மாட்டறேன்."

"அங்க இயேசுவோட திருஇருதயப் படம் இருக்கு. பக்கத்துல அப்பா இருக்காரு. நடுவுல அந்த ஆளு எதுக்கு?"

"அந்த ஆளா? ராஜாவோட பிரதிநிதியை அந்த ஆளுங்கிறியே!" பிரான்சிஸ் வாயில் வைத்திருந்த இன்னொரு ஆணியை எடுத்தார். "அப்புறம் இன்னொண்ணு, ஞாபகம் வச்சுக்க. வர்றவங்களை லேடி ஹாலிங்மியர்னு சொல்லித் தொலைச்சிடாதே. அது அவங்க தம்பி சம்சாரம். இவங்க பிரபு வீட்டுல பொறந்த பொண்ணு. லேடி ஹெனரியெட்டான்னுதான் சொல்லணும்."

"நான் அம்மான்னு கூப்பிடறேன். தெருவுல மொகிங்கா சூப் விக்கிறவ வந்தாலும் அம்மாதான், உங்க லேடி வந்தாலும் அம்மாதான்."

"மாதாவே! நீ வாயைத் திறக்காம இருந்தாலே ஆன்மேரிக்கு இடம் கிடைச்சிடும்."

செலின் தலையில் அடித்துக்கொண்டு இஸ்திரிப் பெட்டியைத் தேடிப் போனாள். மின்சாரம் ஒன்பது மணிக்குப் போய்விடும். அதற்குள் ஆன்மேரியின் சட்டையும் லோஞ்சிப் பாவாடையும் தேய்த்தாக வேண்டும். ஆன்மேரி ஒரு தனியார் கிளினிக்கில் உதவி நர்ஸ். இரவு ஷிப்ட் முடிந்து வந்து, கன்னத்தில் தனாக்கா மரப்பட்டை விழுதைப் பூசியபடியே நின்றுகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பயமா இருக்கா ஆன்?"

"யபாதேம்மா," என்றாள் மகள். பரவாயில்லை என்பது அவளுக்கு பர்மியத்தில்தான் வரும். கொஞ்சம் பொறுத்துத் தமிழில் சொன்னாள்: "ஆனா கடுதாசி கிடைக்கலைன்னா அடுத்த வருஷம்னு ஒண்ணு இருக்குமான்னு தெரியலம்மா. என்கூடப் படிச்சவங்க எல்லாம் நாட்டை விட்டே போயிட்டாங்க."

செலின் இஸ்திரிப் பெட்டியை மறுபடி எடுத்தாள். சட்டைக் காலரை இரண்டாவது தடவை தேய்த்தாள்.

எட்டரை மணிக்குக் கீழ்மாடி ஜைனப் அக்கா ஒரு கூடையோடு படியேறி வந்தாள். அவள் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் கோப்பைகள். பெருநாளைக்குத்தான் வெளியே வரும்.

"ஆறு இருக்கு செலின். ஒண்ணுக்குக் காது உடைஞ்சுபோச்சு. அதை உங்க அண்ணனுக்குக் குடு."

"அண்ணனுக்குக் காது எதுக்குக்கா? யார் பேச்சைக் கேக்குது அது?" என்றாள் செலின். இருவரும் சிரித்தார்கள். அந்த நாளில் செலின் மனம்விட்டுச் சிரித்தது அதுதான் கடைசி.

மேசை விரிப்பை எடுக்க அண்ணனின் கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை இழுத்தாள். பெட்டியோடு இன்னொன்றும் வந்தது. பர்மியச் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பலகை. தேக்குப் பலகை, புது வார்னிஷ் வாசனை. பிரித்துப் பார்த்தாள். வெள்ளை எழுத்தில், ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: அடிலெய்ட், ஹாலிங்மியர் பிரபு குடும்பத்துக் குழந்தை, 1934 – 1937.

"அண்ணே! இது என்ன?"

பிரான்சிஸ் வாசலில் வந்து நின்றார். சுத்தியல் இன்னும் கையில் இருந்தது.

"மெதுவாப் பேசு. ஆன்மேரி இருக்கா."

"அந்தக் கல்லறைக்குக் கல்லு இருக்குமே. பளிங்குக் கல்லுன்னு அப்பா சொல்லியிருக்காரே. பலகை எதுக்கு?"

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்தார். சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டார்.

"கல்லறையே இல்ல செலின்."

"என்னது?"

"அப்பா செத்த வருஷம் பூ வைக்கலாம்னு முதல் தடவையா நான் போனேன். அங்க கல்லறைத் தோட்டமே இல்ல. கார் நிறுத்தற இடம். எப்பவோ எடுத்துட்டாங்களாம், நான் சின்னப் பிள்ளையா இருந்தப்பவே."

"அப்பா வருஷா வருஷம் தனியாப் போய்ப் பூ வச்சுட்டு வந்தாரே?"

"அதான் எனக்கும் புரியல. அவரும் என்னை மாதிரிதான் ஏமாத்திக்கிட்டு இருந்தாரோ என்னவோ."

"அப்ப நீ இருபத்தஞ்சு வருஷமா எழுதின கடுதாசி?"

"அப்பா எழுதின மாதிரியே எழுதினேன்," என்றார் பிரான்சிஸ். "எப்படி நிறுத்தறது சொல்லு. தாத்தா குடுத்த வாக்கு. உங்க பிள்ளை மேல கார் ஓட்டறாங்கன்னு அவங்களுக்கு எழுதச் சொல்றியா?"

செலின் பலகையைப் படாரென்று கட்டிலில் போட்டாள். இவர் ஒரு பொய்யைச் சொல்வார். அதைக் காப்பாற்ற ஒன்பது பொய். கடைசியில் மாட்டிக்கொள்வது யார்? இந்த வீட்டுப் பெண்பிள்ளைகள்!

"சரி, பலகையை எங்க நடப் போறே?"

பிரான்சிஸ் கூரையைப் பார்த்தார்.

"அண்ணே, உன்னைத்தான்."

"போன வாரம் அவங்க வர்றேன்னு எழுதினதும் பயந்துட்டேன். பழைய இடம் போயிடுச்சு, பிள்ளையை எங்க குடும்பக் கல்லறைக்கு மாத்திட்டோம்னு பதில் போட்டுட்டேன். நம்ம பாப்பா அத்தை கல்லறை சின்னதுதானே. அது தலைமாட்டுல இதை வச்சா..."

"பாப்பா அத்தையா?"

இப்போது செலின் கத்தவில்லை. அவள் கத்தாமல் பேசினால்தான் பிரான்சிஸுக்குப் பயம் வரும்.

பாப்பா அத்தை என்றால் அப்பாவின் தங்கை, சின்ன வயதில் இறந்தவள். இன்சீன் போகிற வழியில் இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவர் கல்லறையில், தாத்தாவின் காலடியில் அவளுக்கு இரண்டு முழ நீளத்தில் ஒரு மேடு. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளன்று முதல் மெழுகுவத்தி பாப்பா அத்தைக்குத்தான். அதற்குப் பிறகுதான் தாத்தாவுக்குக்கூட. "அவ தனியா வந்த பிள்ளை, அவளை முதல்ல கவனிக்கணும்" என்பார் அப்பா. பரீட்சைக்கு முன்னால் செலின் அவளிடம் வேண்டிக்கொள்வாள். புருஷனைப் புதைத்துவிட்டுத் திரும்பும்போது அவள் உட்கார்ந்து அழுதது அந்தச் சின்ன மேட்டின் மேல்தான். அம்மாவிடம் சொல்லாததைக்கூட அவளிடம் சொல்லியிருக்கிறாள்.

"நம்ம வீட்டுப் பிள்ளையைத் தூக்கி அவங்களுக்குக் குடுக்கறியா? நாளைக்கு அந்தம்மா அங்க பளிங்குக் கல்லு நட்டுட்டுப் போனா, பாப்பா அத்தை எங்க போவா? உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

"ஒரு அரை மணி நேரம்தான் செலின். அந்தம்மா கும்பிட்டுட்டுப் போயிடுவாங்க. பலகையை எடுத்துடலாம்."

"முடியாது. நான் சொல்லிடுவேன்."

"சொல்லு." பிரான்சிஸ் எழுந்து நின்றார். "சொன்னா ஆன்மேரியோட கடுதாசி போச்சு. பொய்க்கார வீட்டுப் பொண்ணுக்கு யார் சிபாரிசு எழுதுவாங்க? யோசிச்சுக்க."

மின்சாரம் போயிற்று. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. அதே நேரத்தில் பால்கனியில் மணி அடித்தது.

எங்கள் ஊர் மாடிவீடுகளில் பால்கனியிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்கும். நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. பேப்பர்க்காரனும் ரொட்டிக்காரனும் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். செலின் எட்டிப் பார்த்தாள். தெருவில் ஒரு வெள்ளைக்கார அம்மாள், கையில் ஊன்றுகோல், தலையில் வைக்கோல் தொப்பி, கயிற்றை உற்சாகமாக இழுத்துக்கொண்டிருந்தார். அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார்.

"ஐயோ, ரொட்டிக்காரன் கயிறு!" என்று பிரான்சிஸ் அலறிக்கொண்டு கீழே ஓடினார்.

லேடி ஹெனரியெட்டாவுக்கு எழுபது வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம். மூன்று மாடி ஏறிவந்து, மூச்சு வாங்க நாற்காலியில் சாய்ந்து, முதலில் செருப்பைக் கழற்றினார். சுவரில் தன் தம்பியின் படம் திருஇருதயத்துக்குப் பக்கத்தில் தொங்குவதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதை அவனிடம் சொல்லவே மாட்டேன். ஏற்கெனவே அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை."

பிரான்சிஸ் குனிந்து வணங்கி, முப்பத்தொரு சங்கங்களில் பதினெட்டின் பெயரைச் சொல்லி முடித்தார். பத்தொன்பதாவது, கழுதைகள் காப்பகம்.

"போதும் மிஸ்டர் பிரான்சிஸ்," என்று அந்த அம்மாள் கையை உயர்த்தினார். "அதில் பாதிக்கு நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாது. ரிப்பன் வெட்டுவேன். கேக் தின்பேன். எங்கள் வீட்டில் பிறந்தால் அதுதான் வேலை. ஒன்று வேண்டாமென்றால் உடனே இன்னொன்று வந்து கதவைத் தட்டும்."

அடடே, இந்த அம்மாளுக்கும் அலுத்துப் போயிருக்கிறது என்று செலினுக்குத் தோன்றியது. அவரைப் பிடிக்காமல் இருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்! ஆன்மேரியிடம் அவர் நேராகப் பேசினார். கிளினிக்கில் எத்தனை கட்டில், இரவில் எத்தனை பேர், மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ஆன்மேரி கைவிளக்கு வெளிச்சத்தில் ஊசி போட்ட கதையைத் தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த அம்மாள் பாதியில் குறுக்கிடாமல் கேட்டார்.

"உன் காகிதத்தை எடுத்துக்கொள் பெண்ணே. கல்லறைக்குப் போய்விட்டு வந்து கையெழுத்துப் போடுகிறேன்," என்றார். பிறகு செலினைப் பார்த்தார். "உங்கள் வீட்டுக் கடிதங்கள் எல்லாவற்றையும் அப்பா ஒரு தகர டப்பாவில் வைத்திருந்தார். அடிலெய்ட் அவருடைய தங்கை. கடிதம் வந்த அன்று காலைச் சாப்பாட்டில் எங்களுக்குச் சத்தமாகப் படிப்பார். ஆறாம் வரிசை, நூற்றுப் பதினான்காம் எண். எனக்கு எங்கள் வீட்டு விலாசத்துக்கு முன்னால் இது மனப்பாடம். போன குளிர்காலத்தில் அப்பா போய்விட்டார்."

செலின் ஜைனப் அக்காவின் கோப்பையை இரண்டு கையாலும் எடுத்து மேசையில் வைத்தாள். அண்ணன் அவளையே கெஞ்சலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லேடி வந்த கார் இன்சீன் பக்கம் போகும்போது முன்சீட்டில் பிரான்சிஸ் பலகையை மடியில் வைத்திருந்தார். பின்னால் செலின், நடுவில் லேடி ஹெனரியெட்டா, அந்தப் பக்கம் ஆன்மேரி. வழியெல்லாம் செலின் மனசுக்குள் கணக்கில்லாமல் சண்டை போட்டாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் மகள் பிழைப்பாள். ஒரு அரை மணி நேரம்தான். யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் இந்த அம்மாள் பாப்பா அத்தையின் முன்னால் மண்டியிட்டுத் தன் அத்தை என்று அழுவாரே, அதைப் பார்த்துக்கொண்டு நான் பக்கத்தில் நிற்கணுமா? பாப்பா அத்தை என்னைப் பற்றி என்ன நினைப்பாள்?

கல்லறை வாசலில் கார் நின்றது. அந்த அம்மாள் பூக்காரியிடம் மஞ்சள் செவ்வந்தி வாங்கினார். கடிதங்களில் எப்போதும் மஞ்சள் செவ்வந்தி என்றுதான் எழுதியிருக்கும்.

அந்தப் பூவைப் பார்த்ததும் செலினுக்கு எல்லாம் போதும் என்றாகிவிட்டது.

"அம்மா, உள்ளே போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்," என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். "இங்கே உங்க அத்தை இல்லை. அந்தப் பழைய கல்லறைத் தோட்டமே இப்ப இல்லை. எங்க அண்ணன் எழுதினது பொய். உள்ளே இருக்கிறது எங்க அத்தை. என் மகளுக்கு இது தெரியாது. அவளைத் தப்பா நினைக்காதீங்க."

"அம்மா!" என்றாள் ஆன்மேரி. கையிலிருந்த உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

லேடி ஹெனரியெட்டா கையிலிருந்த செவ்வந்தியைப் பார்த்தார். தொப்பியின் நிழலில் முகம் தெரியவில்லை.

"அப்படியானால் அங்கே யாரும் பூ வைக்கவில்லை," என்றார் கடைசியில். "அப்பா ஒவ்வொரு வருஷமும் காத்துக்கொண்டிருந்தார்."

"பூ வச்சேன் மேடம்!" பிரான்சிஸ் முன்னால் வந்தார். பலகை கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது. "அது பொய்யில்லை. கார் நிறுத்தற இடத்துச் சுவரோரம் வச்சேன். வெத்திலைக் கடைக்காரன் சிரிப்பான். கொள்ளைநோய் வந்து ஊரை அடைச்ச வருஷமும் போனேன். அதுக்கடுத்த பிப்ரவரி, ராணுவத்தை எதிர்த்துத் தெருவெல்லாம் கூட்டம், தட்டு தட்டற சத்தம், அப்பவும் போனேன். ஒரு வருஷம்கூட விடலை. இடம்தான் அது இல்லை. என்னை மன்னிச்சிடுங்க."

சொல்லிவிட்டு, அறுபத்திரண்டு வயது மனிதர் நடுரோட்டில் நின்று அழுதார். செலினுக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, கண்ணைத் துடைத்துவிடவும் தோன்றியது. இரண்டில் ஒன்றையும் செய்யாமல் நின்றாள்.

அப்போதுதான் உள்ளேயிருந்து கல்லறைக் காவல்காரர் கருப்பையா வந்தார். கக்கத்தில் ஒரு பெரிய பழைய புத்தகம். மூலையெல்லாம் கறையான் அரித்தது.

"பிரான்சிஸ் சார், ரெண்டு நாளா உங்களுக்குப் போன் பண்றேன், எடுக்க மாட்டேங்கிறீங்க. பலகை வைக்கணும்னீங்களே, புத்தகத்தைப் பாக்காம நான் ஒரு செங்கல்கூட வைக்க விடமாட்டேன்னு சொன்னேனில்ல? பாத்தேன்."

"அதெல்லாம் வேணாம் கருப்பையா, விடு," என்றார் பிரான்சிஸ்.

"இருங்க சார். நீங்க சொன்னபடி இது உங்க அப்பாவோட தங்கச்சின்னா, இங்க புதைச்ச தேதி இருக்கணும். இல்லையே! இது மாத்திப் புதைச்ச கல்லறை. வேற இடத்துலேர்ந்து எலும்பு வந்திருக்கு. 1968-ல." கருப்பையா புத்தகத்தைக் கார் முகப்பின் மேல் விரித்து விரலை வைத்தார். "பாருங்க. ஆங்கிலேயர் தோட்டம். ஆறாம் வரிசை. நூத்திப் பதினாலு. பெண் குழந்தை, மூணு வயசு. உறவுமுறை: தங்கச்சி. கையெழுத்து, மைக்கேல்."

ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"உறவுக்காரங்க வந்தாத்தான் எலும்பைக் குடுப்போம்னு அப்ப சட்டமாம்," என்றார் கருப்பையா. "எங்கப்பா சொல்லுவாரு. ஆள் வராத கல்லறையை எல்லாம் மொத்தமா அள்ளிட்டாங்களாம். வெள்ளைக்காரன் பேரைச் சொல்லிக்கிட்டு ஆபீசு வாசப்படி ஏற முடியாத காலம் அது. உங்கப்பா தங்கச்சின்னு எழுதிக் குடுத்து வாங்கியிருக்காரு."

செலின் குனிந்து பார்த்தாள். அப்பாவின் கையெழுத்துதான். அந்த ம-வின் வளைவு அவளுக்குத் தெரியாதா? அப்பா ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதும் இப்போது புரிந்தது. இங்கிலாந்துக்குப் போகிற கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற காலம். அரசாங்கத்திடம் பொய்யெழுதிக் கொடுத்தவர் அதைக் கடிதத்தில் எழுதுவாரா? பிள்ளைகளிடம் சொன்னால் பிள்ளைகள் வெளியே உளறாதா? பழைய எண்ணையே எழுதினார். தனியாக இங்கே வந்து பூ வைத்தார். தங்கை என்று எழுதிக் கொடுத்தபின் தங்கையாகவே வைத்துக்கொண்டார்.

அண்ணன் வாழ்க்கையிலேயே சொன்ன பெரிய பொய் உண்மையாகப் போய்விட்டது! அவரோ வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

லேடி ஹெனரியெட்டா ஊன்றுகோலைக் காரில் சாய்த்து வைத்துவிட்டு, செலினின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார். பாப்பா அத்தையின் மேட்டில் ஒரு சின்னச் சிமெண்டுக் கல். அதில் தமிழில் நான்கே வார்த்தை.

"என்ன எழுதியிருக்கிறது?"

"பாப்பா, மைக்கேல் வீட்டுப் பிள்ளை," என்றாள் செலின்.

அந்த அம்மாள் செவ்வந்தியை வைத்தார். மண்டியிட முடியவில்லை, ஆன்மேரி தோளைக் கொடுத்து உட்காரவைத்தாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "பேனா கொடு பெண்ணே," என்றார். தாத்தாவின் கல்லறைத் திட்டில் காகிதத்தை வைத்து, ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கையெழுத்திட்டு, ஆன்மேரியிடம் கொடுத்தார். "இந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியும் என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்."

செலினுக்குக் கண் நிறைந்துவிட்டது. மகள் பிழைத்தாள், மாதாவுக்குத் தோத்திரம்.

"இன்னொன்று இருக்கிறது," என்றார் லேடி ஹெனரியெட்டா. பையிலிருந்து வேறொரு காகிதத்தை எடுத்தார். "அப்பாவின் கடைசி ஆசை. எங்கள் வீட்டுச் சிற்றாலயத்தில், எங்கள் பாட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடம் எண்பது வருஷத்துக்கு மேலாகக் காலியாக இருக்கிறது. அடிலெய்டை வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். அதற்குத்தான் நான் வந்தேன். இந்தச் சம்மதக் கடிதத்தில் உறவினர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்."

பிரான்சிஸ் அதை ஆசையாகக் கையில் வாங்கிப் பார்த்தார். பிரபு வீட்டு முத்திரை தலைப்பில் இருந்தது. கருப்பையாவுக்குத் தமிழில் விளக்கினார். கருப்பையா தலையை ஆட்டினார்.

"இந்தம்மா கையெழுத்து செல்லாது சார். புத்தகத்துல யார் பேர் இருக்கோ அவங்க வாரிசுதான் போடணும். நீங்களும் உங்க தங்கச்சியும். ரெண்டு பேரும்."

முப்பத்தொரு சங்கங்களின் புரவலர், ராஜாவின் பிரதிநிதிக்கு அக்காள், சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்தபடி செலினை அண்ணாந்து பார்த்தார். கேட்கத் தயங்குகிற முகம். இத்தனை வருஷம் இந்தக் குடும்பத்தின் பெயரைக் கேட்டாலே எரிந்து விழுந்தவள் செலின். ஒழிந்தது சனியன் என்று ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே?

பிரான்சிஸ் தன் பேரை எழுதி முடித்துப் பேனாவை நீட்டினார்.

செலின் வாங்கவில்லை. அந்தச் சின்னக் கல்லின் மேல் போன நவம்பரின் மெழுகு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் ஏற்றியது. பேச வாயெடுத்தாள், பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் ஒரு வார்த்தைகூட வரவில்லை.

"அண்ணே," என்றாள் தமிழில். "அந்தம்மாகிட்டக் கேளு. கல்லறைத் திருநாள் அன்னைக்கு அங்க பாப்பாவுக்கு முதல் மெழுகுவத்தி யாரு ஏத்துவாங்கன்னு கேளு."

காலையிலிருந்து வாய் ஓயாத பிரான்சிஸ் பேனாவைப் பிடித்தபடி நின்றார். அவரால் கேட்க முடியவில்லை. ஆன்மேரிதான், தன் கடிதத்தை மடியில் செருகிக்கொண்டு, லேடி ஹெனரியெட்டாவின் பக்கம் திரும்பி அம்மா சொன்னதை ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னாள்.

அந்த அம்மாள் மெழுகைப் பார்த்தார். கையை நீட்டி அதை விரலால் தொட்டார். கருப்பையா புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.